தலைவர் கண்ணாடியில் ஒரு கீறல்

பதினோரு வருஷமாக எனக்குச் சோறு போடுகிற வீடு அது. கடலூரில் ஆட்டோக்காரர் யாரைக் கேட்டாலும் 'தலைவர் பங்களாதானே, ஏறும்மா' என்பார். தலைவர் வாழ்ந்த வீடு, அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்தார் அரசாங்கத்திடம் ஒப்படைத்து நினைவு இல்லமாகிவிட்டது. என் ஆர்டரில் பெருக்கித் துடைக்கிற வேலை என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. பார்க்க வருகிறவர்கள் பலகையை வாசித்துவிட்டுப் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றால் விளக்குமாற்றை ஓரமாகச் சாத்திவிட்டு நானே சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த மறு வருஷம் இந்த வேலை கிடைத்தது. பிறந்த ஊர் புவனகிரி; அங்கே திரும்பிப் போய் அண்ணன் வீட்டு அடுப்படியில் நிற்க எனக்கு மனசில்லை. ரெண்டு பெண்களையும் காலேஜ் வரை படிக்க வைத்தது இந்த வீட்டை நம்பித்தான். மண்டையைப் பிளக்கிற வெயிலில் வந்தாலும் அந்தச் சிவப்புத் தரையில் காலை வைத்ததும் உடம்பு குளிர்ந்துவிடும். அந்தக் காலத்துக் காரைச் சுவர், தேக்குப் படிக்கட்டு, ஆளுயர ஜன்னல்கள். காலையில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கும்போது இது என் வீடு மாதிரியே இருக்கும். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மாடியில் தலைவர் எழுதிய அறை. மேசை, அதன் மேல் டைப்ரைட்டர், அதில் அவர் பாதி அடித்து நிறுத்திய கடிதம். ஒருநாள் சாயங்காலம் அதை அடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. மேசையை அப்படியே விடவேண்டும், அந்தத் தாளை யாரும் உருவக்கூடாது என்பது குடும்பத்தார் போட்ட நிபந்தனை. தாளின் மேல் பாதி காய்ந்து பின்பக்கமாகச் சுருண்டு கிடந்தது. கண்ணுக்குத் தெரிந்தது கடைசி வரி மட்டும்தான். இங்கிலீஷ். 'இதற்கு அவரைப் பொறுப்பாக்கி வேலையை' என்கிற மாதிரி அர்த்தம் வரும் என்று எங்கள் காப்பாட்சியர் சார் சொல்லியிருந்தார். யாரை, எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

தெரியாத இடத்தில்தானே கதை கட்ட வசதி! வெள்ளைக்காரக் கவர்னருக்கு எழுதிய கடிதம், சுதந்திரப் போராட்டத்தில் பிடிபட்ட ஒருவருக்காகத் தலைவர் மன்றாடுகிறார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சிதம்பரத்திலிருந்து வந்த வாத்தியார் ஒருவர், "ஏம்மா, தலைவர் செத்தது சுதந்திரம் வந்து எவ்ளோ வருஷம் கழிச்சி! அப்ப ஏது வெள்ளைக்காரன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்கினார். அடுத்த வாரத்திலிருந்து கவர்னரை எடுத்துவிட்டு டில்லி மந்திரியைப் போட்டுக்கொண்டேன். கதை நிற்கவில்லை.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் தலைவரின் மூக்குக்கண்ணாடி. இடது பக்கத்து வில்லையில் குறுக்காக ஒரு கீறல். அதற்கும் என்னிடம் ஒரு கதை இருந்தது. அதைத்தான் இப்போது வெட்கத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் தேவனாம்பட்டினத்து அக்கா. மீனவர் வீட்டுப் பெண், பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த வீட்டைப் பெருக்கியவர். சென்னையிலிருந்து வந்த ஒரு தணிக்கையில் கண்ணாடியில் கீறல் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைய பட்டியலில் மூக்குக்கண்ணாடி ஒன்று என்று மட்டும் இருந்ததே தவிரக் கீறல் என்று எழுதியிருக்கவில்லை. அக்கா முந்தானையால் துடைப்பார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கடற்கரையிலேயே இருக்கிறவர், முந்தானையில் மணல் இல்லாமலா இருக்கும், மணல் கீறாமலா இருக்கும் என்று பேச்சு வளர்ந்து, பதிவேட்டில் 'ஊழியரின் கவனக்குறைவால் சேதம்' என்று ஒரு வரி ஏறி, அக்காவின் வேலை போயிற்று. அந்த இடத்துக்குத்தான் நான் வந்தேன்.

நான் சேர்ந்த அன்றைக்குச் சாவிக்கொத்தை ஒப்படைக்க அக்காவே வந்திருந்தார். வேறு ஒருத்தியாக இருந்தால் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பாள். அக்கா என்னை மாடிக்கு அழைத்துப்போய், "மழ வந்தா மேக்கால ஜன்னல மொதல்ல சாத்து. அதுலதான் சாரல் ஜாஸ்தி. மேச நனைஞ்சிடும்" என்று காட்டிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையால் ரெண்டு புயலில் தலைவர் மேசை தப்பியது. அப்படிப்பட்டவரைத்தான் நான் வருஷக்கணக்காக, "இந்தக் கீறல் தலைவர் காலத்துது இல்லீங்க, எங்க பழைய அக்கா முந்தானை வேலை" என்று சொல்லி வருகிறவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். என் நாக்கில் சூடுதான் போடவேண்டும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்பு ஆயுத பூஜை. சார் லீவில் சொந்த ஊருக்குப் போயிருந்தார். வாட்ச்மேன் வாசல் கேட்டின் பூட்டுக்கும் தன் சைக்கிளுக்கும் சந்தனம் வைத்துப் பொரியும் கடலையும் படைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் விளக்குமாறு, வாளி, தோட்டத்துக் கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு வைத்தேன். கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. ஊரே அன்றைக்குப் பொட்டோடு இருக்கிறது, பஸ், லாரி, தையல் மெஷின், ஜெராக்ஸ் மெஷின் வரைக்கும். நாட்டுக்காக உழைத்த அந்த டைப்ரைட்டர் மட்டும் வருஷா வருஷம் வெறும் நெற்றியாக நிற்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. சார் இருந்தால் விடமாட்டார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்துவிட்டிருந்தேன். மெஷின் நெற்றியில் வைக்கப் போனபோது விரலிலிருந்து வழிந்து தாளில் சொட்டிவிட்டது. ஐயோ என்று பதறி மற்றக் கையால் தொட்டேன். அது குங்குமக் கை. கடைசி வரிக்குக் கீழே ஓரத்தில் செக்கச் செவேல் என்று என் விரல் ரேகை பதிந்துவிட்டது. அடுத்த நொடி நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்தானையை எடுத்துத் துடைத்தேன். கறை இன்னும் பரவியது. அப்போதுதான் கையில் இருப்பது முந்தானை என்பதே எனக்கு உறைத்தது.

அக்காவின் வேலை ஒரு கீறலுக்குப் போயிற்று. நான் தலைவரின் கடைசிக் கடிதத்தையே கறையாக்கியிருக்கிறேன். பெரிய பெண் அப்போது காலேஜில் கடைசி வருஷம், சின்னவள் முதல் வருஷம். இந்த வேலை போனால் எங்கே போவேன்?

சிதம்பரத்தில் என் நாத்தனார் வீட்டுக்காரர் பைண்டிங் கடை வைத்திருக்கிறார். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். காலேஜ் பிள்ளைகளின் தீசிஸ் எல்லாம் அவர்தான் பைண்டு செய்வார். பழைய தாள், கிழிந்த பத்திரம் என்றால் கைராசிக்காரர். அவரிடம் போனால் கறையை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. மெஷினில் தாளைப் பிடித்திருக்கும் நெம்புகோலைத் தூக்கினேன். இத்தனை வருஷமாக யாரும் உருவாத தாள், அப்பளம் மாதிரி மொரமொரவென்று கைக்கு வந்துவிட்டது. பெண்ணின் பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று பையில் கிடந்தது. அதில் வைத்து, மாடி அறையைப் பூட்டிவிட்டு, உடம்பு சரியில்லை என்று வாட்ச்மேனிடம் சொல்லி, மறுநாள் காலை சிதம்பரம் பஸ் ஏறினேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அண்ணன் கடையில் அன்றைக்குக் கூட்டமில்லை. பேப்பர் வெட்டுகிற மெஷினுக்கு அவரும் பெரிய பொட்டாக வைத்திருந்தார். நான் ஃபைலைத் திறந்து காட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். மெல்லிய பிரஷ்ஷால் காய்ந்த சந்தனத்தைத் தட்டித் தட்டி எடுத்தார். குங்குமத்திடம் பிரஷ் தோற்றுவிட்டது.

"இது போவாதும்மா. தேச்சா தாளே போயிடும்."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அழுவாத. கறை ஓரமாத்தான கீது? நீ திரும்பக் கொண்டுபோயி மெஷின்ல சொருவி, ரெண்டு பல்லு பின்னால சுத்தி உட்டுடு. கறை உருளைக்குக் கீழ போயிடும். ஒரு பயலுக்கும் தெரியாது" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே தாளை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து படிக்க ஆரம்பித்தார். முப்பது வருஷம் தீசிஸ் பைண்டு செய்தவர், இங்கிலீஷ் வாசித்துவிடுவார்.

"டில்லி மந்திரிக்குன்னு சொன்னியே, எந்த மந்திரி? இது நம்ம சிதம்பரத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்குல்ல எழுதியிருக்காரு!"

"என்னண்ணா சொல்றீங்க?"

அவர் விரலை வைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னார். கண்ணாடிக்கு நல்லபடியாக வில்லை மாற்றி அனுப்பியதற்கு நன்றி. இடது வில்லையில் குறுக்கே ஒரு கீறல் விழுந்திருக்கிறது. அதற்காக நீங்கள் கடைத் தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். எனக்குப் பார்வை நன்றாகவே தெரிகிறது. கை இருந்தால் தவறுவதும் இருக்கும். தயவுசெய்து இதற்கு அவரைப் பொறுப்பாக்கி வேலையை, என்பதோடு கடிதம் நின்றிருந்தது.

"கீறல்னா போட்டிருக்கு? இடது பக்கமா? நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணா" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை என் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். கீறல் தலைவர் காலத்திலேயே விழுந்தது. அக்காவின் முந்தானைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

திரும்பும் பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணன் சொன்னபடி ரெண்டு பல் சுற்றிவிட்டால் நான் தப்பித்தேன். ஆனால் கடிதம் மறுபடியும் சுருண்டுகொள்ளும், அக்கா மேல் எழுதிய வரி அப்படியே நிற்கும். கடிதத்தில் இருப்பதைச் சொன்னால், நீ எப்படிப் படித்தாய் என்று கேட்பார்கள், கறையும் வெளியே வரும். அக்காவை வெளியே அனுப்பிய இடத்தில்தான் நான் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். என் பெண்கள் படித்த படிப்பு அந்தப் பொய்யில் வந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் ஆலப்பாக்கம் வரைக்கும் நினைத்தேன். நான் ஒன்றும் உத்தமி இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி மார்க்கெட் வழியாக நடந்தேன். அக்கா வேலை போன பிறகு அங்கேதான் கருவாடு விற்கிறார். நான் வழக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கமாகப் போய்விடுவேன். அன்றைக்கு அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "ஏம் பொண்ணு, வானம் மூடிக்கினு கீது. ஜன்னல் சாத்துனியா?" என்று கேட்டார்.

இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாள் சார் வந்ததும் ஃபைலை அவர் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், குங்குமம், முந்தானை, சிதம்பரம், எதையும் விடவில்லை. சார் கோபக்காரர் இல்லை. அன்றைக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"புத்தி இருக்குதாம்மா உனக்கு? தலைவர் தாளை பஸ்ஸுல எடுத்துகினு போயிருக்க! காத்துல பறந்திருந்தா? என் வேலையும் சேர்ந்து போயிருக்கும், தெரியுமா?"

"தெரியும் சார். என்னைத் திட்டுங்க. ஆனா முதல்ல அதப் படிங்க சார்."

படித்தார். நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து கண்ணாடியை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்தார். பழைய பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னார். அந்த வரியைத் தேடி எடுத்து விரலை வைத்துப் படித்தார். அதை எழுதியது அவர் இல்லை, அவருக்கு முன்னால் இருந்தவர். ஆனாலும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

என்னிடம் விளக்கம் எழுதி வாங்கி மேலிடத்துக்கு அனுப்பினார். பதில் வரப் பல வாரம் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் இன்றைக்குத்தான் கடைசி என்று நினைத்து ஜன்னல்களைத் திறந்தேன், மூடினேன். கடைசியில் மேலிடத்து அம்மா ஒருவர் சென்னையிலிருந்து நேரிலேயே வந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிதத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார்.

"இந்தக் கடுதாசியக் கையில வெச்சுக்கிட்டு உன்னை எப்படிம்மா வீட்டுக்கு அனுப்புறது?" என்றார். சிரிப்பா எரிச்சலா என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை. எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இனி நான் தரையோடும் ஜன்னலோடும் சரி. கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போயிற்று, குங்கும ரேகையோடுதான். கடிதம் தப்பியதற்கு ஆகட்டும், என் வேலை தப்பியதற்கு ஆகட்டும், அந்த அம்மாவையும் சாரையும் நினைக்காமல் நான் ஒரு நாள் விளக்கேற்றியதில்லை. பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, சேதம் முன்பே இருந்தது, ஊழியர் மீது தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதை அக்காவிடம் சொல்லி அழைத்துவரும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்க்கெட்டில் அக்கா லேசில் மசியவில்லை. "இன்னாத்துக்கு? எல்லாம் முடிஞ்சி போன கத. வெயில்ல கருவாடு காயுது, போ பொண்ணு" என்று நெத்திலியைக் கிளறிக்கொண்டே இருந்தார். அங்கேயே, சுற்றி இருந்த கடைக்காரர்கள் முன்னால், நான் அவரைப் பற்றி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரித்ததைச் சொன்னேன். "என்னை மன்னிச்சிடுக்கா" என்று கையைப் பிடித்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரியும். எங்க குப்பத்துப் புள்ளைங்க வந்து பாத்துட்டு வந்து சொல்லியிருக்குதுங்க" என்றார். இத்தனை வருஷமாகத் தெரிந்தும்தான் அன்றைக்கு ஜன்னலைச் சாத்தினாயா என்று கேட்டிருக்கிறார். எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. "சரி சரி, அழுவாத. செவ்வாக்கெழம வரேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை குளித்துத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தார். கேட்டுக்கு உள்ளே காலை வைத்ததும் முந்தானையை இழுத்து இடுப்பில் சுற்றி இறுக்கமாகச் செருகிக்கொண்டார். தேக்குப் படியில் ஏறும்போதும் செருகியே இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சார் கடிதத்தை அவருக்குத் தமிழில் மெதுவாகச் சொன்னார். பதிவேட்டின் புது வரியையும் வாசித்துக் காட்டினார். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சட்டத்துக்குள் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கண்ணாடிக் கடையில வேலை பாத்த ஆளு, அவுரு வேலை இன்னா ஆச்சு சார்?" என்றார்.

சார் பதிவேட்டை மூடினார். எங்கள் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. "தெரியலம்மா. அந்தக் கடையே இப்ப சிதம்பரத்துல இல்ல."

"அப்ப இந்த லெட்டரு அவுருக்குப் போயே சேரலியா? இங்கியே நின்னுடுச்சா?"

"ஆமாம்மா."

"பாவம்" என்றார் அக்கா. "எனக்காச்சும் வந்துச்சே" என்றார். அதற்குப் பிறகுதான் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.